எச்.ஐ.வி.க்கும் எய்ட்ஸுக்கும் நடுவே உள்ள ஆண்டுகள்

வெளிநோயாளர் பிரிவுக்கு எதிரே, வேப்பமர நிழலில் அமர்ந்திருந்த ஒரு தந்தை, நான் அவ்வழியே சென்றபோது எழுந்து நின்று தணிந்த குரலில் கேட்டார்: “ஐயா, என் மகனுக்கு எய்ட்ஸா?” மகனே அவரிடம் கொடுத்திருந்த பரிசோதனைச் சீட்டு அவர் கையில் இருந்தது. அதில் எய்ட்ஸ் என்ற சொல்லே இல்லை. எச்.ஐ.வி. தொற்று உறுதி என்றும், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 412 என்றும் மட்டுமே இருந்தது. “இல்லை” என்றேன். அவர் நம்பவில்லை. அவர் மனத்தைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்வதாகவே எண்ணினார்.

அவரைக் குறைகூற இயலாது. தமிழகத்தில் ஒரு தலைமுறையே அப்படிக் கேட்கத்தான் பழக்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் சுவரொட்டிகளிலும் விளம்பரப் பலகைகளிலும் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்ற வினா தொங்கிக்கொண்டிருந்ததை, நாற்பதைக் கடந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆணுறையைப் பற்றி ஊரறியப் பேசவைத்த விளம்பரம் அது. அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் கிருமியையும், அக்கிருமி கொண்டுசேர்க்கும் கடைசி நிலையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்ட குறையும் அதற்கு உண்டு. இன்றளவும் நம் பேச்சில் ‘எய்ட்ஸ்’ மட்டுமே இருக்கிறது. எச்.ஐ.வி. என்பதை அதற்கு வைத்த நாகரிகப் பெயராகவே பலர் கொள்கின்றனர்.

இந்தக் குழப்பத்தைச் சிறு பிழையாக நான் கருதவில்லை. எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். எய்ட்ஸ் என்பது அவ்வைரஸ் தடுப்பாரின்றிப் பல ஆண்டுகள் வேலை செய்தபின் உடல் வந்தடையும் நிலை. சிகிச்சையே பெறாவிட்டாலும்கூட இவ்விரண்டுக்கும் நடுவே பொதுவாக எட்டு முதல் பத்து ஆண்டுகள் உள்ளன. சிகிச்சை பெற்றாலோ அந்த இரண்டாவது நிலைக்குப் போகவேண்டிய தேவையே இல்லாமற்போகலாம். இரண்டும் ஒன்றே என்று எண்ணுகிற மனிதர் பரிசோதனைக்கு அஞ்சுகிறார். பரிசோதித்தவர் இனிப் பயனில்லை என்று வீட்டில் படுத்துவிடுகிறார். உறவினரோ இறுதிச் சடங்குக்குத் தயாராவதுபோல் பார்க்கத் தொடங்குகின்றனர். அந்த எட்டுப் பத்து ஆண்டுகள் இப்படித்தான் கைநழுவிப் போகின்றன.

உடலுக்குள் நடப்பது என்ன? மதுரைச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு நீர்க்கட்டி யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நீர் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் நாற்று நடுவதில்லை, களை எடுப்பதில்லை; ஆயினும் அவர் இல்லாத ஊரில், கண்மாய் நிறைந்திருந்தும் கடைமடை காயும். நம் குருதியில் உள்ள வெள்ளை அணுக்களில் சி.டி.4 அணுக்கள் செய்வது அத்தகைய வேலை. கிருமி புகுந்த செய்தியைப் பெற்று, எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களுக்கும், கிருமி புகுந்த அணுவை அழிக்கும் அணுக்களுக்கும் கட்டளை அனுப்புபவை அவையே. நலமுள்ள ஒருவருக்கு ஒரு கனமில்லிமீட்டர் குருதியில் 500 முதல் 1,500 வரை இவ்வணுக்கள் இருக்கும். எச்.ஐ.வி. தேர்ந்தெடுத்துத் தாக்குவது இந்த நீர்க்கட்டிகளைத்தான்.

தாக்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. இவ்வைரஸ் தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் சுமந்துவருகிறது. சி.டி.4 அணுவுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, நம் அணுவின் மரபுத்தொகுதியிலேயே ஒட்டிவிடுகிறது. அதன்பின் அந்த அணு தன்னையறியாமல் வைரஸுக்கு உழைக்கிறது. சிகிச்சை பெறாத உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி புதிய வைரஸ்கள் பிறக்கின்றன என்று 1990களின் நடுவில் நடந்த ஆய்வுகள் கணக்கிட்டன. உடல் சும்மா இருப்பதில்லை. அழிந்த அணுக்களுக்கு ஈடாகப் புதியவற்றை நாள்தோறும் செய்துகொண்டே இருக்கிறது. நல்ல நாளில் வெளியே ஒன்றும் தெரியாததற்குக் காரணம் அந்த ஓயாத ஈடுகட்டல். ஆனால் வரவைவிடச் செலவு சற்றே மிகுதி. அச்சிறு மிகுதிதான் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது.

தொற்று ஏற்பட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் வரும். மழைக்காலமாக இருந்தால் டெங்குவோ என்று ரத்தம் பார்ப்பார்கள், இரண்டு வாரத்தில் அது தானே தணியும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். அந்நாட்களில்தான் வைரஸின் அளவு உச்சத்தில் இருக்கிறது. பிறருக்குப் பரவும் வாய்ப்பும் மிகுதி. குடற்சுவரில் குடிகொண்ட சி.டி.4 அணுக்களில் பெரும்பகுதி இந்த முதல் சில வாரங்களிலேயே அழிந்துபோகிறது. எதிர்ப்பொருள் உண்டாகச் சில வாரங்கள் ஆவதால் வழக்கமான பரிசோதனை அப்போது ‘தொற்று இல்லை’ என்றும் காட்டக்கூடும். ஐயத்துக்கு இடமான நிகழ்வுக்குப்பின் மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து வருவது மௌனமான நீண்ட காலம். ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் நின்று கோடையில் வைகையைப் பார்ப்பவர்கள், ஆறு வற்றிவிட்டது என்பார்கள். மணலைத் தோண்டினால் ஊற்று உண்டு. இக்காலமும் அவ்வாறே. நோயாளி மூட்டை தூக்குவார், பேருந்து ஓட்டுவார், திருவிழாவில் விடிய விடிய நிற்பார். உள்ளேயோ நிணநீர்க் கணுக்களில் வைரஸ் பெருகிக்கொண்டேயிருக்கும், சி.டி.4 எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 வரை இறங்கிவரும். எல்லாருக்கும் ஒரே வேகம் அன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் சரிந்தோரும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் மருந்தின்றித் தாக்குப்பிடித்தோரும் உண்டு. நான் பதினைந்தாண்டுக்காரன் என்று எவரும் முன்கூட்டி அறிய வழியில்லை.

எண்ணிக்கை 500க்குக் கீழே இறங்கும்போது உடல் சிறுசிறு சாடைகள் காட்டத் தொடங்கும். அவற்றுள் ஒன்றைக் குடும்பத்தார் தவறாமல் கவனிக்கவேண்டும்: அக்கி. நம் பக்கத்தில் அக்கி வந்தால் வேளாரிடம் சென்று காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. எழுதிக்கொள்ளட்டும், அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. முதியவருக்கு அக்கி வருவது இயல்பே. இருபத்தைந்து, முப்பது வயதுடையவருக்கு அக்கி வந்தால், காவி உலர்வதற்குள் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஆறாத வாய்ப்புண், வாயினுள் துடைத்தால் உரிந்துவரும் வெண்படலம், ஒரு மாதத்துக்கு மேல் நீளும் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ, காரணமின்றி உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைதல் ஆகியனவும் அத்தகையனவே.

காசநோயைத் தனியே சொல்லவேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடையோரை மிகுதியாகப் பற்றுவதும் கொல்வதும் அதுதான். நம்மில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. எச்.ஐ.வி. இல்லாதவருக்கு அது வாழ்நாள் முழுவதிலும் விழித்தெழும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றுடையவருக்கோ ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அதே வாய்ப்பு. சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் காசநோய் வரலாம். எண்ணிக்கை குறைந்தவருக்குச் சளியில் கிருமி தென்படாமலே நெறிகளிலும் மூளையுறையிலும் பரவவும் கூடும். ஆகவே காசநோய் கண்ட ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையும், எச்.ஐ.வி. தொற்றுடைய ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வருகையிலும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை பற்றிய விசாரிப்பும் நடைபெறுகின்றன. அந்நான்கு கேள்விகளையும் சடங்கென்று எண்ணி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கினால், அல்லது எண்ணிக்கை எதுவாயினும் குறிப்பிட்ட சில நோய்களுள் ஒன்று தோன்றினால், அந்நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். நலமுள்ள உடல் பொருட்படுத்தவே பொருட்படுத்தாத கிருமிகள் அப்போது துணிவு பெறுகின்றன. நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை நுரையீரலில் புகுந்து மூச்சிரைக்க வைக்கும். உணவுக்குழாயில் வெண்படலம் இறங்கி விழுங்கவொட்டாமல் செய்யும். 100க்குக் கீழே கிரிப்டோகாக்கஸ் மூளையுறையைத் தாக்கும். அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் நாட்கணக்கில் விடாத தலைவலி மட்டுமே. 50க்குக் கீழே கண்ணின் விழித்திரை பழுதாகிப் பார்வை போகலாம். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொடுத்து ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருப்பது மற்றவருக்குப் பொருந்தலாம். இந்நிலையில் உள்ளவருக்குப் பொருந்தாது.

இந்நிலையிலிருந்தும் மீளலாம் என்பதைப் பலர் அறியார். எண்ணிக்கை 30இலும் 40இலும் இருந்து, தோளில் சுமந்துவரப்பட்டு, கூட்டு மருந்தின் பலனால் சில ஆண்டுகளில் 400ஐத் தாண்டித் தாமே பேருந்தேறி மருந்து வாங்க வருபவர்களை இத்துறையில் உள்ள எல்லா மருத்துவரும் கண்டிருப்பர். ஒன்றை மட்டும் முன்பே அறிந்திருப்பது நல்லது. மிகத் தாழ்ந்த எண்ணிக்கையில் மருந்து தொடங்கும் சிலருக்கு, முதல் சில வாரங்களில் காய்ச்சலும் நெறிவீக்கமும் மிகுவதுண்டு. உறங்கிக்கிடந்த எதிர்ப்பாற்றல் விழித்து, ஏற்கெனவே உள்ளிருந்த கிருமியோடு போரிடுவதன் விளைவு அது. ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று குடும்பத்தார் தாமே நிறுத்திவிடுவது இங்கேதான் நிகழ்கிறது. நிறுத்தாமல் உடனே வந்து காட்டவேண்டும்.

இனி, மதுரைக்கு அருகே நிகழ்ந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 2018 டிசம்பர் தொடக்கத்தில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குச் செலுத்தப்பட்ட குருதியில் எச்.ஐ.வி. இருந்தது. அக்குருதியைக் கொடுத்தவர் இருபது வயதும் நிரம்பாத ஓர் இளைஞர். உறவினர் ஒருவருக்கு உதவவே அவர் கொடுத்திருந்தார். பின்னர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தாமே முன்வந்து அதைத் தெரிவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய குருதியில் தொற்று கண்டறியப்பட்டிருந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று அப்போதைய செய்திகள் கூறின. நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று. அம்மாத இறுதியில் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையில் இறந்தார்.

அதே மருத்துவமனையில் 2019 ஜனவரியில் அப்பெண்ணுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாய்க்குக் கூட்டு மருந்தும், பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் கொடுக்கப்பட்டன. பின்னர்ச் செய்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. அவ்வாண்டே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அக்குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அரசு நிறுவனங்கள் தவறிய கதையாகவே இதை அன்று எல்லாரும் எழுதினார்கள். தவறியது உண்மை. ஆனால் நான் அந்த இளைஞரைத்தான் நினைக்கிறேன். அவருடைய உடலில் இருந்த வைரஸ், மருந்தே இல்லாவிட்டாலும்கூட அந்த வாரத்திலோ அந்த ஆண்டிலோ அவரை வீழ்த்தியிருக்க வாய்ப்பில்லை. மருந்து தொடங்கியிருந்தால், தம் வயதுடைய மற்றவர்களைப் போலவே அவர் நெடுங்காலம் வாழ்ந்திருக்கக்கூடும். ஒரு பெண்ணுக்கும் அவள் வயிற்றிலிருந்த குழந்தைக்கும் உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்க வழிசெய்தது அவர் சொன்ன உண்மை. அந்த உண்மையைச் சொன்னவரிடம் “இதனோடு வாழலாம், தம்பி” என்று அருகிருந்து சொல்வதற்கு ஆள் இருந்ததா என்பதே என் கேள்வி. இருந்திருந்தாலும் போதவில்லை. எச்.ஐ.வி. என்றால் எய்ட்ஸ், எய்ட்ஸ் என்றால் சாவு, அதற்குமுன் அவமானம் என்று ஊர் முழுதும் ஒரே பாடமாகச் சொல்லும்போது ஒருவர் குரல் எடுபடுமா?

சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது என்பது இன்னும் உறுத்துகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய இசைவின்றிப் பரிசோதனை செய்யக்கூடாது. அவர் நிலையை அவர் இசைவின்றி வெளியிடக்கூடாது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகிய எதிலும் வேறுபாடு காட்டக்கூடாது என்று அது கூறுகிறது. நோயாளிகள் இதை அறிந்துவைத்திருக்க வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் காதில் விழும்படி உங்கள் முடிவை எவரேனும் உரக்கப் படித்தால், அது எந்த மருத்துவமனையாயினும், எங்களுடையதே ஆயினும், முறையிட உங்களுக்கு உரிமை உண்டு.

இந்நோயின் இந்திய வரலாறு தமிழகத்தில்தான் தொடங்கியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியரான சுனிதி சாலமனின் வழிகாட்டலில், முதுநிலை மாணவி நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச்சென்றார். அவற்றுள் ஆறு மாதிரிகளில் தொற்று தென்பட்டது. நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் உறுதியாயிற்று. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மருத்துவர்களிடம் கொடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது; விலையோ எட்டாத உயரம். 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக அக்கூட்டு மருந்தைத் தருவதாக அறிவித்தபோதுதான் ஏழை நாடுகளுக்கு வழி பிறந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு அதை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அமைந்த சில மையங்களுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

அந்நாளில் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழ் வந்தால்தான் மருந்து. “இன்னும் 310 இருக்கிறது, பிறகு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினோம். போனவர்களில் சிலர் திரும்பவில்லை. பின்னர் வரம்பு 350 என்றும் 500 என்றும் உயர்ந்தது. 35 நாடுகளில் 4,685 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் இறப்பும் பாதிக்கும் மேலாகக் குறைந்ததை 2015இல் காட்டியது. 2017 முதல் இந்தியாவில் எண்ணிக்கை எதுவாயினும், தொற்று உறுதியான உடனே மருந்து. வேப்பமரத்தடித் தந்தையின் மகன் 2004இல் வந்திருந்தால் 412 என்ற எண்ணோடு வெறுங்கையாகத்தான் வீடு திரும்பியிருப்பார். பழைய விதியைக் கேள்விப்பட்டு ‘எண்ணிக்கை குறையட்டும், பார்ப்போம்’ என்று இன்றும் காத்திருப்போர் உள்ளனர். அவர்களிடம் இச்செய்தி போய்ச் சேரவேண்டும்.

இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை: டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்தது. வைரஸ் தன்னைத் திருப்பி எழுதுவதையும், எழுதியதை நம் மரபுத்தொகுதியில் ஒட்டுவதையும் இவை தடுக்கின்றன. சில மாதங்களில் குருதியில் வைரஸ் அளவிட இயலாதவாறு குறைந்துவிடும். ஆனால் அழிந்துவிடுவதில்லை. நெடுநாள் உறங்கும் சில அணுக்களுக்குள் அது எழுத்தாக மட்டும் ஒளிந்திருக்கும். அங்கே மருந்து எட்டாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே அது மீண்டும் தலைதூக்கும். விட்டுவிட்டு உண்டாலோ மருந்துக்குப் பணியாத வைரஸ் உருவாகும். “இரண்டு ஆண்டு சாப்பிட்டேன், உடம்பு நன்றாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்” என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பிறகு, இந்த ஒளிந்திருக்கும் அணுக்களைப் பற்றி நாங்கள் அவருக்குச் சொல்லியிருந்தோமா என்ற கூச்சமும் வருகிறது.

அடியோடு குணமாக்குவதாகச் சொல்லிப் பணம் பெறுவோர் பிழைப்பதும் இந்த இடத்தில்தான். நம்மூர் மருத்துவ மரபுகளை நான் இகழவில்லை. ஆனால் எச்.ஐ.வி.யை உடலிலிருந்து முற்றிலும் நீக்கும் சூரணமோ லேகியமோ ஊசியோ கடைகளில் விற்பனைக்கு இல்லை. கூட்டு மருந்தை நிறுத்தச் சொல்பவர் எவராயினும், எந்தப் பட்டம் வைத்திருந்தாலும், அவர் சொல்லைக் கேளாதீர்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும், வயிற்றெரிச்சலுக்கான சில மருந்துகளும் டோலுடெக்ராவிரின் வேலையைக் குறைக்கக்கூடும். ஆகவே வேறெந்த மாத்திரை உண்டாலும், எந்நேரத்தில் உண்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய் மருந்தில் உள்ள ரிபாம்பிசினும் அப்படிப்பட்டதே; அதை உண்பவருக்கு டோலுடெக்ராவிர் மற்றொரு வேளையும் தரப்படும்.

பராமரிப்போர் என்னிடம் அதிகம் கேட்பது பரவுதலைப் பற்றித்தான். இதில் அறிவியல் எவ்வளவு தெளிவாகிவிட்டது என்பது பொதுமக்களுக்கு இன்னும் எட்டவில்லை. துணைவர் இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையரைக்கொண்டு ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் ஒரு களம். உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்ததை அது 2011இல் அறிவித்தது. பின்வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன: ஒழுங்காக மருந்து உண்டு, வைரஸ் அளவிட இயலா நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. தாயிடமிருந்து சேய்க்குப் பரவும் வாய்ப்பு, சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரை. உரிய சிகிச்சையோடு 5க்கும் கீழே. திருமணமும் மகப்பேறும் இவர்களுக்கு மறுக்கப்பட்டவை அல்ல. பிறக்கும் குழந்தைக்கான மருந்து, தாய்ப்பால் பற்றிய முடிவு ஆகியவற்றை மட்டும் மருத்துவரோடு கலந்து, கருவுற்ற நாள்முதலே திட்டமிடவேண்டும்.

ஊசியோ பிளேடோ தற்செயலாகக் குத்தி, நோயாளியின் குருதி உங்கள் உடலில் பட்டால், சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உண்ணும் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று.

யாரிடம் சொல்வது என்பது நோயாளியின் முடிவு. ஊர் முழுதுக்கும் சொல்லவேண்டும் என்று நான் கருதவில்லை. துணிவைக் காட்ட அது வழியும் அன்று. துணைவரிடம் சொல்லியாக வேண்டும். அவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்பால், மாத்திரை வேளையை நினைவூட்டவும், மாதாந்தர வருகைக்கு உடன் வரவும் ஒருவர் அறிந்திருந்தால் போதும். அந்த ஒருவர் இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் எவ்வாறு வேறுபடுகிறார்கள் என்பதை, சி.டி.4 சீட்டைப் பார்க்காமலே என்னால் பல நேரம் சொல்லிவிட முடிகிறது.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பெறுகிற தகவல் வெளியே போகாது. கூட்டு மருந்து சிகிச்சை மையம் கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே உள்ளது. நேரில் வரத் தயங்குவோர் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மனம் உடைந்து, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தோன்றினால் அன்றிரவே 14416 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

அந்தத் தந்தையோடு வேப்பமரத்தடியில் ஏறத்தாழ அரைமணி நேரம் அமர்ந்திருந்தேன். நீர்க்கட்டி கதையை அவரிடம்தான் முதலில் சொன்னேன். மேலூர்ப் பக்கத்து விவசாயி, உடனே பிடித்துக்கொண்டார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வீட்டில் தட்டு, தம்ளர் தனியாக வைக்கவேண்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதாலோ, கொசு கடிப்பதாலோ இது பரவாது. சவரப் பிளேடும் பல்துலக்கியும் மட்டும் அவரவருக்குத் தனித்தனியே இருக்கட்டும் என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மருந்து கொடுக்கும் இடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று விசாரித்தார்.